எலி டாக்டர்

'எலி டாக்டர்' என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தியின் வாயிலிருந்து. என் வீட்டுக்காரருடைய கடைசித் தம்பியின் மனைவி அவள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் தபால் ஆபீசில் இருக்கிறாள், கடைசிப் பையன் கப்பலில் சமையல்காரன், நடுவில் பிறந்தவள்தான் மாட்டு டாக்டருக்குப் படித்தவள். ஒரு நாள் ஓரகத்தி போனில் கூப்பிட்டு, யாரோ செத்துப்போன மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, நம்ம நடுவுளவள எல்லாரும் எலி டாக்டர்னு கூப்பிடுறாங்களாம். எலிக்கு வைத்தியம் பாக்குறான்னுதான் நெனச்சேன். இல்லையாம். படிச்சவங்களுக்கு எலிய எப்படிக் கொல்லணும்னு பாடம் எடுக்கிறாளாம்."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் மடியில் போட்டுச் சோறு ஊட்டிய பிள்ளை அது. தரையில் எறும்பு போனால் சுற்றிக்கொண்டு நடக்கும்.

பிறகு என் கண் ஆபரேஷனுக்காக அந்த நடுப்பிள்ளையின் வீட்டில் போய்த் தங்க வேண்டியிருந்தது. அங்கே பார்த்ததையெல்லாம் என்னால் ஒரேயடியாக விழுங்க முடியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டுவாள். பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. நான் தலையில் தடவும் தைலத்தின் வாடை அவள் சட்டையில் ஒட்டிவிட்டதென்று ஒரு நாள் வாசல் வரை போனவள் திரும்பி வந்து வேறு சட்டை மாற்றினாள். "எலிக்கு மூக்குதான் கண்ணு, பெரியம்மா. புது வாடை அடிச்சா அது நாள் பூரா நடுங்கும்" என்றாள். கதவைக்கூட அவள் சத்தமாகச் சாத்தி நான் கேட்டதில்லை.

"அப்படி நடுங்காம பாத்துக்கிட்டு, கடைசியில கொல்றீங்களே" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கையில என்ன இருக்கு?" என்றாள். சர்க்கரை மாத்திரை இருந்தது. "அதுவும் எங்கள மாதிரி, மருந்த எலிக்குக் குடுத்துப் பாக்குற ஒரு எடத்துல இருந்து வந்ததுதான். ஆராய்ச்சிக்குன்னு வர்றவங்ககிட்ட, எலி இல்லாம முடியுமான்னு மொதல்ல கேப்பேன். முடியாதுன்னா, இன்னும் கொறைச்சலான எலியில முடியாதான்னு கேப்பேன். அதுக்கப்புறம்தான் கூண்டுகிட்டயே விடுவேன். அங்க வந்தவன் வாலப் புடிச்சுத் தூக்குனான்னா, உன் தலமுடியப் புடிச்சு நான் தூக்கட்டுமான்னு கேப்பேன்."

மாத்திரையைப் போட்டுக்கொள்ள அன்று எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரியம்மா, இன்னைக்குப் பை அசைஞ்சுது."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். எலியை மூடிய பெட்டியில் வைத்து வாயு விட்டுத் தூங்க வைப்பார்களாம். தூங்கியது செத்துவிட்டதென்று நம்பக்கூடாது. நெஞ்சில் விரல் வைத்து, கண்ணைத் தொட்டு, அதற்கு மேலும் ஒரு வழியில் உறுதி செய்துகொண்டுதான் பையில் போட்டுக் கட்ட வேண்டும். பை குளிர்பெட்டிக்குப் போய்விடும். அன்று வகுப்புக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் ஏதோ சந்தேகம் கேட்டான். பதில் சொல்லிக்கொண்டே, உறுதி செய்யாமல், பையைக் கட்டிவிட்டாள். வகுப்பு கலைந்த பிறகு குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே சரசரவென்று சத்தம்.

நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "அப்புறம்?"

"எடுத்தேன். சரியா முடிச்சேன். நேரா பெரியவர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன்." பெரியவர் என்றது அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரை.

அதற்குள் உள்ளறையிலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். அவருக்குப் பல் செட்டு செய்கிற தொழில், அளந்துதான் பேசுவார். அன்று அளவு தப்பிவிட்டது. "யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"பெரியவர் என்ன சொன்னாரு?"

"யாரும் பாக்கலல்ல, விட்டுருன்னாரு. நான் பாத்தேனேன்னு சொன்னேன்."

அடுத்த மாதம் பயிற்சிப் பிரிவுக்கே அவளைத் தலைவியாக்குவதாக இருந்தார்கள். இந்தத் தப்பைச் செய்தவருக்கு எலியைத் தொடும் அனுமதி பறிபோகும், முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்துத் தேற வேண்டும். அந்த விதியை எழுதியவளே இவள்தான்.

விஷயம் தெரிந்து ஓரகத்தி போனில் மகளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது. "ஏண்டி, வீட்ல எலிப்பொறி வைக்காத ஆளு உண்டா? ஒரு எலிக்காக உத்தியோகத்தத் தூக்கிக் குடுப்பியா? வேணும்னா அதுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்துரு."

"அது இருந்தா கேப்பேம்மா."

போனை என் கைக்கு மாற்றச் சொன்னாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பா."

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "போன வருஷம் இதே தப்புக்கு ஒரு பையனத் திருப்பி அனுப்புனேன், பெரியம்மா. அவன் படிப்பே ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அழுதுக்கிட்டே போனான். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். போனுக்குள்ளிருந்து அவள் அம்மா திட்டுவது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

தலைவி வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை சில நாளில் சமாதானமாகிவிட்டார். ஓரகத்தி இன்னும் மகளுக்குப் போன் போடவில்லை.

இப்போது அவள் அதே நிலையத்தில், அதே வகுப்பறையில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பாடம் நடத்துவது அவளிடம் படித்த ஒரு பெண். புதிதாக வருகிறவர்கள் கை பழகக் கொடுக்கும் துணி எலி ஒன்றை அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். உயிருள்ளதைத் தொட இன்னும் அனுமதி வரவில்லை.