510511-இல் மிச்சம் எத்தனை?

சாலையில் லாரி போனால் கந்தவேலின் கண் முதலில் எண் பலகைக்குத்தான் போகும். "நாலாயிரத்து முந்நூத்தி எழுபத்தொண்ணு... ஒரு நூலு மிச்சமுங்க!" என்பார், அது திருப்பத்தைத் தாண்டுவதற்குள். யாரும் கேட்கவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

குமாரபாளையத்தில் லுங்கி நெசவுக்கு நீளவாக்கில் நூல் அடுக்கிப் பாவு ஓட்டுகிறவர். எட்டு நீலம், எட்டு சிவப்பு, மூன்று வெள்ளை: பத்தொன்பது நூல் சேர்ந்தால் ஒரு கட்டம். பதினெட்டு வருடமாக அதே கட்டம். ஆகவே கண்ணில் படும் எண்ணையெல்லாம் பத்தொன்பதால் வகுத்துவிடுவார். படித்தது நாலாவது, அதிலும் பாதி நாள் ஆற்றில். காதில் எப்போதும் ஒரு வெள்ளை நூல் செருகியிருக்கும். மிச்சமில்லாமல் வகுபட்டால், "கட்டம் உக்காந்துருச்சு!" என்று அதை எடுத்து ஊதிப் பறக்கவிட்டு, வேறொன்றைச் செருகிக்கொள்வார்.

"சினிமாக் கொட்டாய்க்குப் போனா டிக்கெட்டு நெம்பரப் பாத்துக்கிட்டே படத்த உட்டுருவாருங்க" என்பது மனைவி பாவாயியின் புகார்.

1979-இல் மகள் நல்லம்மாள் எட்டாவது படித்தாள். கணக்கு வாத்தியார் அருணகிரி 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகிய ஏழையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, 510511 என்று கரும்பலகையில் எழுதினார். இந்த ஏழில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே இது எதற்குமே பிரியாத பகா எண் என்றார். மகள் அன்று மாலை அப்பாவைக் கேட்டு, '19 வகுக்கும்' என்று நோட்டில் எழுதிப் போனாள். வாத்தியார் வகுத்தே பார்க்கவில்லை. "நீ நூல் பொறுக்கத்தான் லாயக்கு" என்று வெளியே நிறுத்தினார். மூன்றாம் நாள் அவள் பையைப் பரணில் எறிந்தாள். "பள்ளிக்கொடமே வேண்டாம். நானும் பாவு ஓட்ட வாரேன்."

கந்தவேல் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு கையில் பையும், ஒரு கையில் மகளுமாக வகுப்புக்குள் நுழைந்தார்.

"ஏழு எண்ணுலயும் வகுத்தாச்சுய்யா. ஒண்ணு மிஞ்சுது" என்றார் அருணகிரி.

"அந்த ஏழும் சரிங்க சார். பத்தொம்போது என்னங்க பாவம் பண்ணுச்சு?"

வகுப்பு சிரித்தது. கந்தவேல் சாக்பீசை எடுத்தார். "அம்பத்தொண்ணுல ரெண்டு கட்டம், பதிமூணு நூலு மிச்சம். சைபர எறக்கு. நூத்தி முப்பதுல ஆறு கட்டம்..." பிள்ளைகள் பின்பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். "நூத்தி எழுபத்தொண்ணு... ஒம்போது கட்டம்!" கீழே தோசைக்கல் அளவுக்கு ஒரு சைபர் போட்டார். பெஞ்சுகள் அதிர்ந்தன, பக்கத்து வகுப்பு வாத்தியாரே எட்டிப் பார்த்தார்.

அருணகிரி தாளில் இரண்டு முறை வகுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை பேனாவை மூடினார்.

"உள்ள வந்து உக்காரு நல்லம்மா. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

கந்தவேலின் கை வழக்கம்போல் காதுக்குப் போய், பாதியில் நின்றது. நூலைத் தொடாமல், குனிந்து, காதை மகள் பக்கம் சாய்த்தார். "நீயே எடுத்து ஊது கண்ணு."