தேர் அன்று கழற்றிய கார்

தம்பி பிறப்பதற்கு முந்தைய ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடிய அன்று, ராஜபாளையத்தில் எங்கள் கார் சக்கரம் இல்லாமல் வாசலில் கிடந்தது. கழற்றிப் போட்டவர் அப்பா.

அது பழைய வெள்ளைக் கார். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கம் ‘கடக்’ என்று சத்தம் வரும். உட்கார்ந்திருப்பவர் இடுப்பு வரை அந்த அடி ஏறும். அப்போது அம்மா வயிற்றுவலி என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மறுநாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒர்க்‌ஷாப்காரரோ, “தேர் முடிஞ்ச பொறவு கொண்டாங்க” என்று ஷட்டரை இறக்கிவிட்டார். அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். கார் வேலை செய்து பழக்கமில்லை. ஆனாலும் சாமான்களை வாங்கி வந்துவிட்டார்.

விடிந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஜாக்கியை நம்பாமல் அடியில் தடித்த மரக்கட்டைகளையும் அடுக்கினார். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்பில் ரப்பர் எல்லாம் கிழிந்திருந்தது. ஷாக் அப்சர்பரில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தது. புதியதை மாட்டுவது பெரிய வேலையில்லை, பழையதுதான் இடத்தை விட்டு வர மறுத்தது. ஒரு போல்ட் துருவேறி அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், தட்டினார். ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்தது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பொறுக்க முடியாமல் வந்து நின்றாள்.

“ஏலே, ஒரு வாடகைக் கார் பிடிச்சா என்ன?”

“அவன் பள்ளத்தப் பாத்தா ஓட்டுவான்? நான்தான்க்கா ஓட்டணும்.”

அத்தை குனிந்து அந்தப் போல்ட்டைப் பார்த்தாள். ஸ்பேனர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகச் சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் தோளைப் பிடித்தபடி அதன்மேல் ஏறி நின்றாள். ‘டிக்’கென்று போல்ட் இளகியது. அத்தையின் கனத்தை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. அன்று அப்பா புகழ்ந்தார்.

இரண்டு பக்கமும் முடிய வெயில் சாய்ந்துவிட்டது. என்னைப் பின்சீட்டில் மல்லாக்கப் படுக்க வைத்து, தெருத்தெருவாக வேகத்தடை தேடி ஓட்டினார்.

“பாப்பா, வயித்துல அதிருதா?”

“செத்த அதிருதுப்பா.”

உடனே காரை வீட்டுக்குத் திருப்பினார். மறுபடி சக்கரத்தைக் கழற்றி, சரியாக இறுகாத ஒரு நட்டைக் கண்டுபிடித்து முறுக்கினார். இரண்டாம் முறை ஒன்றுமே அதிரவில்லை. எனக்கு ஏமாற்றம். தூக்கிப் போடாத கார் என்ன கார்?

மறுநாள் அம்மா அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்து வந்தாள். அப்பா ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவமானத்தில் நான் முன்சீட்டில் குனிந்துகொண்டேன். அதே ஆஸ்பத்திரியிலிருந்து முன்பும் இரண்டு முறை அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறோம். அந்த நாட்களில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே இருப்பாள். எனக்குப் பக்கத்து வீட்டில்தான் சாப்பாடு. வயிற்றுவலி வந்தால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் கார் நின்றதும் அம்மா உடனே இறங்கவில்லை. கதவைத் திறந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இந்தத் தடவையாவது நிக்குமா?”

அப்பா தோல் உரிந்த விரல்களால் அவள் கையை மூடிக்கொண்டார். தெரிந்த விஷயத்தில் நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

“நிக்கும்மா! பிரேக்கு நல்லாப் புடிக்கு. நேத்து நான்தான் கூடப் போயிப் பாத்தேன்” என்றேன்.

அம்மா வயிற்றில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி விறுவிறுவென்று உள்ளே போனாள். கார் விஷயத்தில் இந்த வீட்டில் எல்லோரும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.