ஒரு புத்தகம்கூடத் தொலையாத நூலகம்

பதினோரு வருஷம் எங்கள் பள்ளி நூலகம் என் பொறுப்பில் இருந்தது. நான் கணக்கு டீச்சர். பள்ளி மயிலாப்பூரில், குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள அரசுப் பெண்கள் பள்ளி. நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. யாராவது ஒரு டீச்சர் தலையில் அது கூடுதல் பொறுப்பாக விழும். என் தலையில் விழுந்தது. ஆறு இரும்பு பீரோ, ஒரு சாவிக்கொத்து, இரண்டு பதிவேடு.

அந்தப் பொறுப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. வருஷம் ஒருமுறை இருப்பைச் சரிபார்க்க வருவார்கள். புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் சாவியைக் கொடுக்கும்போதே காதில் ஓதிவிட்டார்: "வெளியில விடாதீங்க டீச்சர். வெளியில போனாத்தானே தொலையும்?" கணக்கு டீச்சருக்கு அந்தத் தர்க்கம் பிடித்துப்போனது. பூட்டினேன். ஆண்டறிக்கையில் மட்டும், "நூலகம் நல்ல முறையில் செயல்பட்டு வருகிறது. மாணவியர் பெரிதும் பயன்பெறுகின்றனர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒரு புத்தகம்கூடத் தொலையாத பள்ளி என்று கூட்டத்தில் பாராட்டினார். நான் வெட்கமே இல்லாமல் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தார். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையின் அம்மா. அடையாற்றுக் கரையில் குடியிருந்தவர்கள். வீட்டை இடித்துவிட்டு, ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மகளைப் பள்ளி மாற்ற மாட்டேன் என்று தினமும் இரண்டு பஸ் மாறி அழைத்து வருவார். திரும்பிப் போய் மறுபடி வர நேரமிருக்காது என்பதால் சாயங்காலம்வரை வாசல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார். எங்கள் தலைமையாசிரியை ஒருநாள் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் நூலக அறிவியலில் பட்டம் வாங்கியவர். பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏப்ரல்வரை அவரைத் தற்காலிகமாக நூலகத்தில் உட்காரவைத்தது.

முதல் நாளே பீரோக்களைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாது டீச்சர் இது, புக்கெல்லாம் உள்ள போட்டுப் பூட்டிகினு கீறீங்க? இன்னா தப்பு பண்ணுச்சு அதுங்க?"

"தொலைஞ்சு போயிடும்மா. அப்புறம் யார் பதில் சொல்றது?"

"தொலையட்டும் டீச்சர். படிக்கிற வூட்லதான தொலையப் போவுது. சாவியக் குடுங்க."

கொடுத்தேன். கோபத்தோடுதான் கொடுத்தேன். நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கோபத்தை உடைத்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. என் வகுப்பில் அவளுக்கு வாய் இருப்பதே தெரியாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, நாலு சிறுமிகளுக்குக் கடலாமைகளைப் பற்றிய புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே, "ஏய், கவனிக்கிறியா?" என்று என்னைப் போலவே அதட்டல் வேறு. நான் மணியடிக்கும்வரை படியிலேயே நின்று கேட்டேன். அந்தப் புத்தகம் நான் பொறுப்பேற்ற வருஷம் வந்தது. பீரோ திறக்கும்வரை யாரும் அதைத் தொட்டதில்லை.

டிசம்பரில் தலைமையாசிரியை சொல்லிவிட்டார், ஏப்ரலுக்குப் பிறகு நூலகத்துப் பெண்ணை வைத்துக்கொள்ளக் கழகத்திடம் பணம் இல்லை என்று. அவர் போனால் சாவி மறுபடி என்னிடம் வரும். அதாவது பூட்டு வரும். அரசு ஒரு நூலகர் பணியிடம் ஒதுக்கினால்தான் உண்டு. கோபாலபுரம், அசோக் நகர்ப் பக்கத்துப் பள்ளிகளின் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நூலகர், புத்தகம் வாங்க ஆண்டுதோறும் நிதி. இதுதான் எங்கள் கோரிக்கை. சத்தமாகப் பேசுகிறவள் என்பதால் என்னை முன்னால் தள்ளினார்கள். தலைமைச் செயலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு, கோட்டையையே பிடித்துவிட்டவள் மாதிரித் திரும்பி வந்தேன்.

பிப்ரவரியில் பதில் வந்தது. மேற்படி பள்ளியின் நூலகம் பொறுப்பாசிரியரால் நல்ல முறையில் நடத்தப்படுவதாக ஆண்டறிக்கைகளில் தொடர்ந்து தெரிவிக்கப்பட்டுள்ளதால், தனிப் பணியிடத்துக்கான தேவை எழவில்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். கூட வந்த மற்றப் பள்ளிகளிலும் இதே கதைதான். எல்லாப் பள்ளி பீரோவும் பூட்டித்தான் கிடந்தது, எல்லா அறிக்கையும் ஜோராகத்தான் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பொய் எழுதினது நீங்க. நெசத்தையும் நீங்கதான் எழுதணும் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். திரும்பி, கிழிந்த அட்டை ஒன்றை ஒட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே எழுதினேன். "பதினோரு ஆண்டுகள் நான் அளித்த அறிக்கை உண்மையல்ல. நூலகம் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன்." தலைமையாசிரியை படித்துவிட்டுப் பதறினார். "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு. மெமோ வரும். எதுக்கு வம்பு?" பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மறுபடி தலைமைச் செயலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

பிரிவு அலுவலர் என் வயதுக்காரர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது மனுவா, வாக்குமூலமா?"

"ரெண்டும்தான் சார்."

"இதை வாங்கினா ஃபைல்ல சேர்த்துத்தான் ஆகணும். உங்க மேல நடவடிக்கை வரும், தெரியுமில்ல?"

"வரட்டும் சார். அந்த அறிக்கையும் என் கையெழுத்துதான், இதுவும் என் கையெழுத்துதான். அதை நம்பினீங்க, இதையும் நம்புங்க."

அந்தப் பெண் கொண்டுவந்திருந்த இரண்டு பதிவேடுகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று என்னுடையது: புத்தகம் வழங்கிய விவரம் எழுதும் பக்கங்கள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தன. இன்னொன்று அவருடையது. எண்ணெய்க் கறை, குழந்தைகளின் கோணல்மாணல் கையெழுத்து, ஓரத்தில் அவர் குறிப்பு. "மழைல நனைஞ்சது, காய வச்சாச்சு." "தங்கச்சி கிழிச்சிட்டா, ஒட்டியாச்சு." "ஆயாவுக்குப் படிச்சுக் காட்டிகினு கீறா, இன்னும் ஒரு வாரம்." அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். அவருடைய டீ ஆறிப்போனது.

"தொலைஞ்சது எவ்ளோம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கீது சார்" என்றார் அந்தப் பெண், கொஞ்சமும் அசராமல். "லிஸ்ட்டு கடைசிப் பக்கத்துல போட்டுக்கீறேன்."

அவர் சிரித்துவிட்டார். இரண்டையும் நகல் எடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொன்னார்.

மார்ச் கடைசியில் ஆணை வந்தது. மனுவில் சேர்ந்திருந்த அத்தனை பள்ளிகளுக்கும் நூலகர் பணியிடம், புத்தகத்துக்கு ஆண்டு நிதி. தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று ஆள் வரும்வரை இப்போது இருப்பவரே தொடரலாம். அந்தப் பெண் போகிற வருகிற பஸ்ஸிலேயே அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். என் வேலையில் நான் வாங்கிய எந்தப் பாராட்டும் அந்த ஆணைத் தாளுக்கு ஈடாகாது. இதைச் சொல்வதில் எனக்கு அடக்கமெல்லாம் இல்லை.

அதே வாரம் எனக்கு மெமோவும் வந்தது. பதினோரு வருஷம் தவறான தகவல் அளித்தது ஏன், பதினைந்து நாளில் விளக்கம் தரவும். நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஆறாம் வகுப்பு மொத்தமும் உள்ளே இருந்தது. பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, ஜன்னல் கட்டையிலும் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"எடமில்ல டீச்சர். ஸ்டாஃப் ரூம்ல போய் எழுதுங்களேன்."

சரி என்று வந்துவிட்டேன்.