மோவாய் உயராத ‘இல்லை’

மனநல வார்டுக்கு வரும் மாணவத் தாதியருக்கு நான் முதலில் கற்பிப்பது கதிரையைப் பற்றி. நோயாளி கதிரையில் இருந்தால் நீயும் ஒன்றை இழுத்துப் போட்டு இரு. நேர் எதிரே இராதே, சற்றுப் பக்கவாட்டில் இரு. அவருக்கும் கதவுக்கும் நடுவில் இராதே. அதன் பிறகு மோவாய். அதை உயர்த்தாதே.

அவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்து வருகிறார்கள். கத்தல், கண்ணாடி உடைத்தல், நான்கு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடித்தல். எங்கள் வார்டில் அதிகமாக நடப்பது காத்திருத்தல். கோப்பிக்கு, சிகரெட்டுக்கு, டாக்டருக்கு, வருவதாகச் சொன்ன தங்கைக்கு. சிசிலியின் பலெர்மோ நகரில் பஸ்ஸுக்கு நின்று பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றமில்லை. முதல் வாரம் முடிவதற்குள் மாணவர்களில் பாதிப்பேரின் முகத்தில் ஏமாற்றம் தெரியும்.

அவர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மூத்த தாதியர் ஒருவரும் அதற்கு ஆசைப்படவில்லை என்பது ஒரு காரணம். நான் நன்றாகச் செய்வேன் என்பது மற்றக் காரணம். அதைக் கூட்டத்தில் சொன்னதும் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஊரில் போரின்போது அம்மாவின் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்தது. அப்பாவின் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. இருவருமே திரும்பப் போகவில்லை. அம்மா இன்றைக்கும் இந்த நகரத்து சின்யோராக்களின், அதாவது வசதியான வீட்டு அம்மாமாரின், வீடுகளைத் துடைக்கிறார். பட்டம் பெற்ற தாதியையும் இந்த நாட்டில், பெண் டாக்டரைப் போலவே, ‘டொட்டொரெஸ்ஸா’ என்று அழைக்கலாம். மாணவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அம்மா அதைக் கோயிலில் டாக்டர் என்று மொழிபெயர்த்தபோது மட்டும் திருத்தினேன். எந்த வார்ட் என்பதில் என்னால் அம்மாவோடு மல்லுக்கட்ட முடியவில்லை. “விசர் வாட்டெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?” என்று கேட்டுவிட்டு, இருதயப் பகுதி என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தார். ஆகவே பூசை முடிந்ததும் இடது நெஞ்சில் கைவைத்தபடி யாராவது என்னிடம் வருவார்கள். உப்பைக் குறையுங்கள், நடவுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்பேன். இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை.

போன வசந்த காலத்தில் வந்த மாணவிகளில் ஒருத்தி நகரின் ஓரத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவைச் சேர்ந்தவள். அவளுடைய குடும்பம் அங்கே கடலுணவுச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து தட்டுத் தூக்கியவள். படிப்பதற்குத் தகப்பன் அரை மனதோடுதான் விட்டிருந்தார். ஒரு பயிற்சியில் தவறினாலும் திரும்பக் கடைக்கு வரவேண்டும், கோடைக்கு ஆள் போதாது என்று சொல்லியிருந்தார். மற்ற வார்டுகளையெல்லாம் அவள் முடித்துவிட்டாள். எங்கள் வார்ட்தான் மிச்சம். அதில் தேர்ச்சி என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் என் கையில் இருந்தது.

தேர்ச்சிக்குக் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று. பயிற்சி முடிவதற்குள் ஒரு நோயாளியோடு உண்மையான ஓர் உரையாடல். கேள்விக்குப் பதில் என்ற கணக்கில் இல்லாமல், அந்த ஆள் தானாகப் பேசவேண்டும். ஊசி போடுவதை விட இது கடினம் என்பது அவர்களுக்கு இரண்டாம் நாளில் விளங்கும்.

அவளுடைய பிரச்சினை மோவாய். சிசிலியில் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலையைச் சற்றுப் பின்னே எறிந்து, மோவாயை உயர்த்தி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ‘ச்’ என்றால் போதும். இரண்டு கைகளிலும் தட்டோடு மேசைகளுக்கு நடுவே ஓடும் ஒருத்தியிடம் இன்றைக்குக் கணவாய் இருக்கிறதா என்று கேட்டால் அவள் வேறு எப்படிப் பதில் சொல்வாள்? ஆனால் மனம் உடைந்துபோய்க் கட்டிலில் இருக்கும் ஒருவருக்கு அந்த மோவாய் கதவைச் சாத்தியது போல இருக்கும். அதைச் சொன்னேன். லிப்ட் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகச் சொன்னேன். அவள் கீழ்ப்படிவுள்ள பிள்ளை. சில நாட்களில் மோவாய் இறங்கி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திருத்தவேண்டும் என்பது என் முறை. ஆகவே அதை விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் தமிழ்ப் பெண் ஒருவர் அனுமதிக்கப்பட்டார். ஐம்பது தாண்டியவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரோடு பதினொரு வருடம் ஒரே வீட்டில் தங்கி அவரைப் பராமரித்தவர். கோடையில் இருவரும் நகரின் பெரிய ஸ்டேஷனான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலேறிக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போவார்களாம். மாசி மாதம் அந்த சின்யோரா இறந்துபோனார். சில வாரங்கள் கழித்து இவர் சின்யோராவின் கோடை உடுப்புகளைச் சூட்கேஸில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பயணிகள் இருக்கும் நீள வாங்கில் இருந்தார். காலையில் போவார், மாலையில் வீடு திரும்புவார், மறுநாளும் போவார். கடைசியில் வீடு திரும்புவதையும் நிறுத்திவிட்டார். சாப்பாடும் நின்றது. ரயில்வேப் பொலிஸ்காரர் அம்புலன்ஸை அழைத்தார்.

வார்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்களிடம் ஒரு தமிழ்த் தாதி இருக்கிறாள் என்று டாக்டர் மற்ற டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சட்டையை நேராக்கிக்கொண்டு போனேன். சற்றுப் பக்கவாட்டில் இருந்தேன்.

“அன்ரி, நான் இஞ்சை நேர்ஸ். என்னோடை நீங்கள் தமிழிலை கதைக்கலாம்.”

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு, விளங்கவில்லை என்று இத்தாலியனில் சொன்னார்.

நான் திரும்பவும் சொன்னேன். அவரும் திரும்பவும் சொன்னார். மூன்றாம் முறை, தனக்கு வேறு தாதி வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார், அதையும் நல்ல இத்தாலியனில். நான் வெளியே வந்து, நோயாளிக்கு மொழியில் சிறு சிரமம் இருக்கிறது என்று டாக்டரிடம் அறிவித்தேன்.

அப்படித்தான் அவர் ஸ்ஃபெர்ராகவால்லோ மாணவியின் பங்குக்குப் போனார். எனக்கு வாயே திறக்காதவர் அவளுக்குத் திறப்பார் என்று நான் நம்பவில்லை. நம்ப விரும்பவும் இல்லை.

அவர் அவளிடம் இத்தாலியனில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி. சின்யோரா வருவாவா? அதற்கு டாக்டர்களிடம் நீளமான பதில்கள் இருந்தன. இழப்பை ஏற்றுக்கொள்ளக் காலம் எடுக்கும் என்றார் ஒருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார் மற்றவர். மாணவி தலையைக் குனிந்து, ‘ச்’ என்றாள். இன்றைக்கு வருவாவா? ச். ரயிலுக்கு நேரமாகுதே? ச். சூட்கேஸைத் தருவீர்களா? ச்.

ஒரு மதியம் மருந்தறைக்கு வந்து, தான் தவறப்போகிறேன் என்று மாணவி என்னிடம் சொன்னாள். வாரம் முழுக்க அந்த அம்மாவுக்கு இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லையாம். வாய் தானாகச் செய்கிறதாம். கோடைக்குக் கடையில் புதிதாக ஆள் தேடவேண்டாம் என்று தகப்பனிடம் இப்போதே சொல்லிவிடவா என்று கேட்டாள். இன்னும் நாள் இருக்கிறது என்றேன். எனக்குள் நானும் தேடவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அவளுக்கு ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை கொடுக்க நானே போனேன். அவர் மாத்திரையை வாங்கினார். தண்ணீரையும் வாங்கினார். கதவுப் பக்கம் பார்த்தார்.

“அந்தப் பிள்ளை எங்கை?” என்றார், தமிழில்.

இன்றைக்கு லீவு என்றேன். நான் அசையவில்லை. பறவை வந்து இருந்தால் அசையாமல் நிற்போமே, அந்த மாதிரி.

“இந்த ஆஸ்பத்திரியிலை மனிசரெண்டால் அவள் ஒருத்திதான். மற்றதெல்லாம் பிரசங்கம். சின்யோராவைப் பற்றிக் கேட்டால் அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சு உச்சுக்கொட்டும். நான் கேக்கிற ஒவ்வொரு முறையும் கொட்டும். தாய் தேப்பன் நல்லா வளத்திருக்கினம்.”

நான் மாத்திரைத் தட்டை மேசையில் வைத்தேன்.

“நீங்கள் தமிழ் தெரியாதெண்டு சொன்னீங்கள், அன்ரி.”

“நீ ஆரின்ரை பிள்ளையெண்டு எனக்குத் தெரியும். நீ இருதயப் பகுதியிலை எண்டெல்லோ உன்ரை கொம்மா கோயிலிலை சொல்லித் திரியிறா. இஞ்சை உன்னைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கெண்டது. நீ போய்ச் சொன்னால் விடியிறதுக்குள்ளை பலெர்மோ முழுக்கத் தெரிஞ்சிடும்.”

“நான் சொல்லமாட்டன்.”

“உன்ரை வேலையை நீயே சொல்லாமல் வைச்சிருக்கிறாய். அப்ப என்ரையையும் சொல்லமாட்டாய்தான்.” அதை யோசித்துத் திருப்தியடைந்தவர் போல மாத்திரையை விழுங்கினார். “நானும் லண்டனிலை இருக்கிற மகனுக்கு இருதயமெண்டுதான் சொல்லியிருக்கிறன்.”

மருந்தறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மோவாயை உயர்த்தி ஒருமுறை ‘ச்’ என்று பார்த்தேன். தலையைக் குனிந்து ஒருமுறை ‘ச்’ என்று பார்த்தேன். முதலாவது மீன் சந்தையில் கேட்கும் ‘இல்லை’. இரண்டாவது என் அம்மா, யார் வீட்டிலோ நடந்த சாவைத் தொலைபேசியில் கேட்கும்போது. நாக்கு செய்வது இரண்டிலும் ஒன்றுதான். பதினொரு வருடம் இந்த நகரத்தில் இருந்தவருக்கு மோவாய் உயர்ந்தால் இல்லை என்று நன்றாகத் தெரியும். உயராமல் அந்தச் சத்தம் வந்தால், அது எங்கள் சத்தம். அந்த மோவாயை இறக்கிவிட்டது என் பயிற்சி.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே மாணவியை இருத்தி எல்லாவற்றையும் விளக்கினேன். வெள்ளைப் பலகையில் இரண்டு தலைகள் வரைந்தேன். ஒன்றில் மோவாய் மேலே, மற்றதில் கீழே. நீ தவறவில்லை என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படவில்லை.

“அப்படியென்றால் நான் ஏமாற்றியிருக்கிறேன், டொட்டொரெஸ்ஸா. நான் சொன்னது இல்லை என்பதை மட்டும்தான்,” என்றாள்.

அன்றிலிருந்து சத்தம் நின்றது. சின்யோரா வருவாவா என்று அவர் கேட்டால், அவ வராதது உங்களுக்குள் என்ன உணர்வை ஏற்படுத்துகிறது என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி கேட்டாள். உதடுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டு நாட்களில் நோயாளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே திரும்பி வந்தது. அவருடைய விடுவிப்பைத் தள்ளிப்போடவேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் போர்வையைச் சரிசெய்யும்போது சுவரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு என்னிலை என்ன கோவம்?”

படம் வரைந்து பழுதாக்கிய ஒன்றை இன்னொரு படம் வரைந்து சரிசெய்ய முடியாது. மாணவியிடம் ஒன்றும் விளக்காமல், அவர் கேட்டதை மட்டும் அப்படியே சொன்னேன். உனக்கு அவரில் என்ன கோபம் என்று கேட்கிறார். வேறு அறிவுரை என்னிடம் இல்லை. அது எனக்கு அடிக்கடி நேர்வதில்லை.

மறுநாள் அவளுடைய கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கதிரையைக் கட்டிலருகே இழுத்தாள். பக்கவாட்டில் வைக்கவில்லை, நேர் எதிரே, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகி வைத்து அதில் இருந்தாள். என் பாடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் கதவடியில் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே மடிக்கப்பட்டவை.

நோயாளி அவளைப் பார்த்தார். பிறகு சின்யோரா வருவாவா என்று கேட்டார்.

“இல்லை,” என்றாள் மாணவி, வாயைத் திறந்து, முழுச் சொல்லாக. “வரமாட்டா. செத்துப்போனா.” அதைச் சொல்லி முடித்த பிறகு தலை தானாகக் குனிந்தது. நாக்கு ‘ச்’ என்றது. இல்லை என்பதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால், அந்தச் சத்தத்துக்கு அந்த வேலை இருக்கவில்லை.

“ஓம்,” என்றார் அவர். “செத்துத்தான் போனா.”

பிறகு பேசத் தொடங்கினார். இத்தாலியனை இடையிலேயே கைவிட்டுவிட்டுத் தமிழில் பேசினார், நீளமாக, எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டு. சின்யோராவுக்குத் தலையோடு வரும் மீனைக் காணவே பிடிக்காதாம். இவர் தலையை வெட்டித் தனக்குக் குழம்பு வைப்பாராம். வாசம் வந்ததும் சின்யோரா தடியை ஊன்றிக் குசினி வாசலுக்கு வந்து, தலையை மூடு, குழம்பில் மட்டும் ஒரு கரண்டி தா என்பாவாம். கடைசி நாளும் கேட்டாவாம். அன்றைக்கு மீன் வாங்கவில்லையாம். அந்த இடத்தில் அழுதார். மாணவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. உச்சுக்கொட்டவேண்டிய இடங்களில் கொட்டினாள். நான் போய் மொழிபெயர்க்கவில்லை. துவாய்களைத் திரும்ப விரித்து மடித்தேன்.

மாலையில் தட்டு காலியாகத் திரும்பியது. அடுத்த வாரம் அவர் வீடு போகும்போது, சூட்கேஸோடு நின்று என்னிடம் சொன்னார்: “கோயிலிலை கண்டால் நாங்கள் கதைக்க வேண்டாம். ஆரும் கேட்டால் இருதயம்.”

“ஓம் அன்ரி.”

அதற்கு முன்பு, மாணவியின் கடைசி நாள் மாலையில், மதிப்பீட்டுக்காக அவளை என் முன்னால் இருத்தினேன். உரையாடல் நடந்தது என்பதற்கு நானே சாட்சி. ஆனால் அதன் உள்ளடக்கத்தை மாணவி சொல்லவேண்டும், அது விதி. கேட்டேன். அவள் நேர்மையான பிள்ளை. தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாள். வெளியே தகப்பனின் வான் காத்து நின்றது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“ஆனால் டொட்டொரெஸ்ஸா, ஓர் இடத்தில் கையால் வெட்டிக் காட்டினார்,” என்றாள். “அது மீன் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான் தலை எடுக்கிறோம்.”

மீன்தான் என்றேன். தேர்ச்சி என்று எழுதினேன்.