பினாங்கு மணியும் திருக்கழுக்குன்றத்துக் கழுகும்

1954ஆம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணிக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். மாமல்லபுரம் பதினெட்டு மைல். ஆளுக்கு ஒன்பது அணா. உடன் வந்தவர் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் யூசுப் ராவுத்தர். அவர் மகளை என் தம்பிக்குக் கேட்டிருந்தோம். ஊரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் என்று கப்பலேறி வந்துவிட்டார் மனிதர்.

அவர் கைக்கடிகாரத்தில் பினாங்கு மணியே ஓடியது. நமக்கு இரண்டு மணி நேரம் முந்தியது. மாற்றச் சொன்னால் மாட்டேன் என்றார். "இப்ப அங்க ஒம்பதரை. எம்மக தையல் மெஷின்ல உக்காந்திருப்பா. இதைப் பாத்தாதான் தம்பி எனக்கு வீடு தெரியும்."

வழியெல்லாம் பினாங்குப் புராணம். அங்கே பஸ் நிமிஷம் தவறாமல் கிளம்புமாம். எதிரே வருகிறவர் "பசியாறியாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாராம். எங்கள் ஆட்களோ "இன்னா, எங்க இந்தப் பக்கம்?" என்பார்கள், கேட்பவருக்குச் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும். ராவுத்தர் முகம் சுளித்தார். "எம்மக மெல்லிசு மனசுக்காரி. ஒரு அவசரம்னா இந்த ஊர்ல அவளுக்கு யாரு இருக்கா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நானே செதுக்கியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "சூரியன் எங்க ஊரைப் பாத்துட்டுதான் தம்பி இங்க வருது" என்று சீண்டினார். வரட்டும், இங்கே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றேன்.

திடீரென்று கடிகாரத்தைப் பார்த்துத் துடித்துப்போனார். "ஒன்னேகால்! ஜும்ஆ தொழுகை போச்சே! வெள்ளிக்கிழமை நெனப்பே இல்லாத வீட்லயா பொண்ணைக் குடுக்கிறது?"

"மாமா, இங்கே பதினொன்றேகால்தான்" என்றேன். அசடு வழிந்தவர், அதை மறைக்க இன்னும் விறைத்துக்கொண்டார். "அப்ப நேரத்துக்குப் பள்ளிவாசல்ல கொண்டுபோய்ச் சேத்துடு. தொழுகை தப்பினா சம்பந்தப் பேச்சே வேணாம்."

செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பன்னிரண்டு மணிக்குத் திருக்கழுக்குன்றம் வந்தோம். மலைமேல் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்ணும். அந்த ஊரில் நேரம் கேட்பதே "கழுகு வந்துச்சா?" என்றுதான். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

"கழுகு வந்து, ஜனம் மலைய உட்டு எறங்குனாத்தான் வண்டி. இன்னாத்துக்குப் பேஜார் பண்ற பாய்?"

"கழுகைப் பாத்து ஓடுற பஸ்ஸா!" என்று ராவுத்தர் தலையிலடித்துக்கொண்டார். பன்னிரண்டரை ஆகியும் கழுகு வரவில்லை. செங்கல்பட்டில் ஒரு மணிக்குக் குத்பா பிரசங்கம் தொடங்கிவிடும். நான் எவ்வளவோ கெஞ்சினேன், டிரைவர் மசியவில்லை. தம்பியின் கல்யாணம் கைநழுவிப் போகிறதே என்று ஜன்னல் வழியே வானத்தில் கழுகைத் தேடினேன்.

முன் சீட்டில் மதுராந்தகத்து அம்மாள் ஒருத்தி. முட்டிவலியால் மலையேறாமல் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று திரும்பினாள்.

"இன்னாய்யா, குந்திகினு கீறே? கழுகு நாளிக்கும் வரும். அந்த பாய்க்கு இன்னிக்கி உட்டா அடுத்த வெள்ளிதான். எடு வண்டிய!"

"உன் வூட்டுக்காரரு மேல கீறாரேம்மா?"

"அவுரு இன்னா கொயந்தயா? அடுத்த வண்டில வருவாரு. எடுய்யா!"

பஸ் முழுக்க "எடு, எடு" என்று கத்தியது. டிரைவர் பீடியை வீசிவிட்டு ஏறினார். வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டிவந்து பள்ளிவாசல் முன்னாலேயே பிரேக் போட்டு, "ஓடு பாய், ஓடு!" என்று எங்களை விரட்டினார். உள்ளே அப்போதுதான் குத்பா தொடங்கியிருந்தது.

தொழுதுவிட்டு வெளியே வந்ததும் ராவுத்தர் பஸ் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தார். பிறகு, "அந்தம்மா பேர் என்ன?" என்றார். தெரியாது என்றேன்.

"நன்றிகூடச் சொல்லலையே. அவங்க போட்ட சத்தத்துல என்னையும் சேத்துத் திட்டுறாங்கன்னு பயந்து எறங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"பினாங்குல முப்பது வருஷமா இருக்கேன். பசியாறியாச்சான்னு கேக்க ஆயிரம் பேர் உண்டு. எனக்காகப் புருஷனை மலைமேல விட்டுட்டு வர ஒருத்தர் இல்ல. நிக்காஹுக்குத் தேதி குறிங்க தம்பி."