பீலி வரைக்கும் கேட்ட சத்தம்

ஒரு பிள்ளை கத்தும்போது, அது பழகுவதற்காகக் கத்துகிறதா, பயத்தில் கத்துகிறதா என்பதைத் தூரத்தில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து வயதில் எனக்குள் வந்து உட்கார்ந்த கேள்வி இது. இப்போது ஏழு வயது மகளுக்குத் தாயான பிறகும் பதில் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ரப்பர் பாலின் புளித்த வாடையும் கூடவே வரும். யட்டியாந்தோட்டைக்கு மேலே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் "புள்ளக்காம்பிரா"வுக்கு முன்னால் கொஞ்சம் சமதரை இருந்தது. அங்கேதான் ஒரு சனிக்கிழமை கராத்தே வகுப்பு தொடங்கியது. டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த சிங்கள இளைஞரை நாங்கள் "சேர்" என்று கூப்பிட்டோம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் அண்ணன்மாரின் காற்சட்டையுமாக வரிசையில் நின்ற எங்களை, குத்தவும் உதைக்கவும் பழக்குவதற்கு முன்பாக, அவர் கத்தச் சொன்னார்.

பையன்கள் உடனே கத்தினார்கள். எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்துக் காம்பிராவில் ஒருவர் இருமினால் நம் காம்பிராவில் இருப்பவர் விழித்துக்கொள்ளும், ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளான லயத்தில் வளர்ந்தவள் நான். "பொம்பளப் புள்ள சத்தம் வாசலத் தாண்டக் கூடாது" என்று அம்மா அடிக்கடி சொல்வார்; கோபமாக அல்ல, மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போல. எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் "கோழிக்குஞ்சு கராத்தே" என்று பெயர் வைத்தான். சேர் மட்டும் விடவில்லை. "தவ ஹய்யென்," என்பார், இன்னும் சத்தமாக என்று. "தொண்டையில இல்ல நங்கி, வயித்துலருந்து வரணும்." தங்கச்சி என்பதற்கு அவர் வாயில் நங்கிதான்.

முதல் சனிக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டு, காட்டுப் பன்றிதான் இறங்கிவிட்டது என்று நினைத்து, எங்கள் லயத்துச் செபஸ்தியான் மாமா பால் வெட்டும் கத்தியோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பாதி லயம் வந்தது. "என்னா சேர், எங்க புள்ளைங்களுக்குப் பேய் ஓட்டுறீங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை மாமா வாசல் வரைக்கும்தான் வந்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நாங்களோ சனிக்கிழமையோடு நிறுத்தவில்லை; பள்ளிக்கூடம் போகும்போது, விறகுக்குப் போகும்போது, மலையில் எங்கே நின்றாலும் கத்திப் பழகினோம். "கராத்தே புள்ளைங்க கத்துதுங்க" என்று பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். எனக்கும் ஒரு நாள் சத்தம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்த ஒரு பின்னேரம், விறகு பொறுக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் பழைய ரப்பர் மரங்களை வெட்டிக்கொண்டிருந்ததால் தெரியாத ஆட்கள் மலையில் நடமாடுவார்கள். அவர்களில் ஒருவர் ரோட்டுக்கு வழி கேட்டார். கை நீட்டிக் காட்டினேன். நீட்டிய கையை அவர் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை, விடவுமில்லை. பிடித்த கையிலிருந்து மணிக்கட்டைத் திருப்பி எடுக்கும் முறையை அந்த வாரம்தான் சேர் சொல்லித் தந்திருந்தார். அது ஞாபகமே வரவில்லை. கத்தினேன், சேர் கேட்டபடியே வயிற்றிலிருந்து.

பாதைக்கு நேர் கீழே, மரங்களுக்கு இடையில், லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுக் குழாயான பீலி தெரிந்தது. அம்மாவும் பக்கத்துக் காம்பிரா ரோசலின் அக்காவும் நின்றார்கள். இரண்டு பேரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். அந்த ஆளும் அவர்களைப் பார்த்தார். விரல்கள் தளர்ந்தன. கையை உருவிக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்தபோது, அம்மா குனிந்து குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "இன்னிக்கி ஒன் சத்தம் பீலி வரைக்கும் கேட்டுச்சுடி. ரோசலின் சொல்லுது, இவளக் கட்டிக்க வாரவன் ஹெல்மட் போட்டுக்கிட்டுத்தான் தாலி கட்டணும்னு." சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னைப் பற்றி அம்மா அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். மணிக்கட்டைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்ததால்தான் அந்த ஆள் விட்டாரா? அப்படியென்றால் அம்மாதான் என்னைக் காப்பாற்றினார், அது அவருக்கே தெரியாது. அல்லது அம்மா கேட்டும் வரவில்லையா? இரண்டையும் மாறி மாறி நம்பியிருக்கிறேன்.

சேர் வெளிநாடு போனதோடு வகுப்பு நின்றது. அந்த மலைச்சரிவில் இப்போது ரப்பர் இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததால் பீலிக்கு யாரும் போவதில்லை. புல் மூடிக் கிடக்கிறது. நாங்கள் இப்போது டவுனில், பஜாருக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறோம், அம்மா எங்களோடுதான். மகள் ஜெனியை இந்த வருடம் கராத்தேயில் சேர்த்தது நான்தான், யாரும் சொல்லவில்லை. சேர்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அவள் முன்னறையில் பழகுவாள். அவள் கத்தியதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, கையில் மாவோடு ஓடிப்போய் நிற்பேன். "சும்மாம்மா, பழகுறேன்!" என்பாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் சிரித்துவிட்டார். "பழகுறா, வுடு. நீ கத்துனப்ப நான் இப்புடி ஓடியாந்தனா?"

"இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன்.

போன சனிக்கிழமை ஜெனியின் கராத்தே மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஜெனி நல்லா அடிக்கிறா. ஆனா கத்துறதுக்கு முந்தி எப்பவும் கதவப் பாக்குறா. சத்தம் உள்ளுக்கே போயிருது. ஏன்னு கேட்டா, 'நான் கத்துனா அம்மா பயந்துருவாங்க மிஸ்'னு சொல்றா." வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் பெல்ட் பரீட்சை. சத்தம் வராவிட்டால் பெல்ட் இல்லை. பெல்ட் எனக்குப் பெரிதல்ல. என் பிள்ளையின் சத்தத்தை நானே எடுத்துக்கொண்டேனோ என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

உண்மையாகவே பயந்தால் கத்துவதற்கென்று வேறு ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அந்தப் பாதையில் எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் மறந்துபோய் அந்தச் சத்தம் ஒன்றுதான் மிஞ்சியது. இவளுக்கு மட்டும் சொல் ஞாபகம் வருமா?

இந்த வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எனக்குச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளை கத்தும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அடுப்படியிலேயே நிற்க எப்படிப் பழகினீர்கள்? அப்படி நிற்பது சரிதானா?