ஆண்கள் வார்டில் ஓட்டுக் காலம்

ஆஸ்பத்திரியில் வார்டு கிளார்க் என்றால் கேஸ் ஷீட் எழுதினால் போதும் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: டாக்டரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் நோயாளிகள் நம்மிடம்தான் கேட்பார்கள். அறுபதுகளில் தங்கவயலில் ஒரு தேர்தல் வந்தபோது எங்கள் வார்டில் கேட்டது, ஓட்டு.

தபாலில் போடலாமாமே

முனுசாமி அண்ணன் நந்திதுர்க் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டே வயதானவர். தூசி நெஞ்சில் இறங்கி, பத்தடி நடந்தால் உட்கார வேண்டிய நிலை. ஆனாலும் அதுவரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை. தபாலில் ஓட்டுப் போடலாமாமே, விசாரித்து வாங்க என்று என்னைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினார். பட்டாளத்துக்காரருக்கு உண்டு, தேர்தல் வேலைக்குப் போகிறவருக்கு உண்டு, தடுப்புக் காவலில் இருப்பவருக்குக்கூட உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு இல்லை.

வந்து சொன்னேன். அண்ணன், "அப்போ டாக்டர வுட்டுட்டு இன்ஸ்பெக்டர வரச் சொல்லுங்க சார், என்னைப் புடிச்சி உள்ள போடட்டும்" என்றார்.

இரண்டு கட்சி ஆரஞ்சு

அடுத்த கட்டில் ஆரோக்கியசாமி. ஆண்டர்சன்பேட்டை இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். கால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு கட்சிக்காரர்கள் ஆரஞ்சோடு வந்து கும்பிட்டார்கள். சாயங்காலம் எதிர்க்கட்சி, இன்னும் பெரிய பையோடு. இரண்டு பேருக்கும் தலையாட்டினார், இரண்டையும் உரித்துத் தின்றார். இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டேன்.

"கால பாத்துகினுதான சார் குடுத்தாங்க? ஆரஞ்சு துன்ன எழுந்து நிக்க வேணாம், ஓட்டுக்குத்தான் நிக்கணும்."

ஏழு படி

நேரில் போய் ஓட்டுப் போட விட மறுத்த டாக்டர், முனுசாமி அண்ணன் இரண்டு வேளை சாப்பாட்டைத் தள்ளிவைத்த பிறகு இறங்கிவந்தார். "ரெண்டு மணி நேரம். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று என்னிடம் சொன்னார். ஜட்கா வண்டி பிடித்து நந்திதுர்க் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலில் ஏழு படி. ஷிப்ட் முடிந்து வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். இரண்டு பேர் பள்ளிக்கூட நாற்காலி ஒன்றில் அவரை உட்காரவைத்து மேலே தூக்கி வைத்தார்கள்.

சீட்டோடு மறைப்புக்குப் பின்னால் போனவர் வரவில்லை. இரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பூத் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, கன்னடத்தில் "எஷ்டு ஹொத்து?" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டது உள்ளே புரிந்துவிட்டது. பதில் நிதானமாக வந்தது: "முப்பது வருசம் பாறைக்குள்ள மூச்ச வுட்டேன் சார், இங்க ரெண்டு நிமிசம் வாங்கிக்கறேன்."

சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அவர் நல்லபடியாகத்தான் கட்டிலுக்குத் திரும்பினார். ஓட்டுக் கேட்க வார்டு வரை வரத் தெரிந்த யாருக்கும் அதை வாங்கிப்போக வரத்தான் தோன்றவில்லை.